மூடாத வேர்நுனி

பல்லுக்குக் கம்பி போடுகிறவன் பிழைப்பில் பாதி, எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளை இன்னும் எவ்வளவு வளரும் என்று கண்டுபிடிப்பதிலேயே போய்விடும். என்னைப் போல நாற்காலி பக்கத்தில் நின்று முதுகு ஒடிந்த சக டாக்டர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆதாரில் பதினைந்து

ஒடுகத்தூரில் இருக்கும் என் கிளினிக்குக்கு ஜவ்வாது மலையிலிருந்து கோவிந்தன் என்பவர் மகள் சுகன்யாவோடு வந்தார். சாமையும் புளியும்தான் அவருக்கு வருமானம். பெண்ணுக்குக் கீழ்த்தாடை உள்ளே போய், மேல்பல் வெளியே நின்றது. உதடு மூடாது. தூங்கும்போது வாய் பிளந்து கிடப்பதை ஹாஸ்டலில் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்களாம். எலும்பு வளர்கிற காலமென்றால், கழற்றி மாட்டும் கருவி போட்டுத் தாடையை முன்னால் கொண்டுவரலாம். வளர்ச்சி முடிந்துவிட்டால், பதினெட்டு தாண்டி எலும்பை அறுத்துச் செய்யும் ஆபரேஷன்தான்.

ஆதாரைப் பார்த்தேன். பதினைந்து முடிந்திருந்தது. பெண்பிள்ளைக்கு அந்த வயதில் வளர்ச்சி அநேகமாக ஓய்ந்திருக்கும். மென்று விழுங்கி ஆபரேஷனைப் பற்றிச் சொன்னேன். "அறுக்கறதுன்னா வாணாம் சார், இப்டியே இருந்துட்டுப் போவட்டும்" என்றார் கோவிந்தன். அதுவரை வாயைக் கையால் மறைத்திருந்த சுகன்யா கையை எடுத்தாள்.

"நான் இருக்க மாட்டேன்பா."

ஒரே ஒரு சுற்று

அந்தப் பேச்சுக்குப் பிறகு ஆதாரை நம்பிக் கையை விரிக்க எனக்கு மனசு வரவில்லை. எப்படியும் எடுக்க வேண்டிய எக்ஸ்ரேதான், அதிலேயே பல் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்த்துவிடலாம் என்றேன். முழுவாய் எக்ஸ்ரே மெஷின், நிற்கிறவர் தலையை மெதுவாகச் சுற்றிவரும். சுகன்யா சிலையாக நின்றாள். கண்ணாடிக்கு வெளியே கோவிந்தன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பயபக்தியோடு பார்த்தார். மெஷின் நின்றதும் அவருக்குத் திருப்தியில்லை.

"திருஷ்டின்னா மூணு சுத்து சுத்தணும் சார். ஒண்ணோட நிறுத்திட்டீங்களே?"

போட்டுக்கொடுத்த கோரைப்பல்

நான் முதலில் தேடியது கீழ்க் கோரைப்பல்லை. அதன் வேர்நுனி மூடிவிட்டால் தாடை வளர்ச்சியும் ஏறக்குறைய முடிந்த கதை. இவளுக்கு நுனி திறந்தே கிடந்தது. ஒரு பல்லை நம்பி ஆடக்கூடாதென்று பக்கவாட்டுப் படமும் எடுத்தேன். அதில் தெரிந்த கழுத்தெலும்புகளும் அதையே சொல்லின. அப்பாடா என்றிருந்தது எனக்கு.

"வளர்ச்சி பாக்கி இருக்குங்க. பதிமூணு வயசுப் பொண்ணு மாதிரி இருக்கு" என்றேன். கோவிந்தன் முகம் செத்துப்போனது. சில பிள்ளைகள் மெதுவாக வளரும், பல்லை வைத்து வயதை அடித்துச் சொல்ல முடியாது என்று நான் விளக்குவதற்குள், எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பெரிய மகளை ஹாஸ்டல் பள்ளியில் ஒன்றாவது சேர்க்கப் போனபோது, தங்கச்சி இல்லாமல் இருக்க மாட்டேன் என்று அது ஒரே அழுகையாம். இவளுக்கு அப்போது நாலு வயசு. இரண்டு வருஷம் கூட்டி, ரெட்டைப் பிள்ளை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஆதாரும் அதைப் பார்த்தே வந்தது.

மனுஷன் என்னைப் போலீஸ்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். எனக்கு வேர்நுனி போதும், பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் எழுதுகிற வேலை எனக்கில்லை என்றேன். அப்புறம்தான் தண்ணீர் குடித்தார்.

"பல்லு இவ்ளோ பேசும்னு தெரிஞ்சிருந்தா, இவள வாயத் தொறக்கவே வுட்டிருக்க மாட்டேன் சார்."

பத்து மாதம்

கருவி போட்ட முதல் வாரம் அவள் பேசியது எனக்கே புரியவில்லை. சோறு தின்னும்போதுகூடக் கழற்றவில்லை என்று மட்டும் தெரிந்தது. மாதாமாதம் பஸ் பிடித்து வந்தாள். எனக்குத்தான் பயம். தாடை வந்து சேர்வதற்குள் வளர்ச்சி நின்றுபோனால் அந்தப் பெண் முகத்தில் எப்படி விழிப்பேன்?

பத்தாவது மாதம் கருவியைக் கழற்றி, பல்லைக் கடிக்கச் சொல்லி அளந்தேன். நம்பாமல் இன்னொரு தடவை அளந்தேன். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் அருகருகே வந்திருந்தன. உதட்டை மூடு என்றேன். சிரமமே இல்லாமல் மூடியது. அழுகையில் எனக்கு வாய் கோணிக்கொண்டது. மாஸ்க் இருந்ததால் மானம் தப்பியது. ஹாஸ்டலில் இன்னா சொல்றாங்க என்று கேட்டேன்.

"நேத்து கிளாஸ்ல தூங்கிட்டேன் சார். யாரும் சிரிக்கல."

இத்தனை வருஷமாக ஊர்ப் பிள்ளைகளை வாயைத் திற, திற என்று சொல்லியே பிழைக்கிற எனக்கு, ஒரு வாய் மூடியதில் இப்படியொரு நிம்மதி கிடைத்தது அன்றைக்குத்தான்.