பச்சை மையில் அடித்த வரி

முருகனடியார்களுக்கு இதை எழுதவே கை கூசுகிறது. ஆனாலும் அவன் எனக்குச் செய்ததை மறைத்து வைக்க முடியவில்லை.

போன பங்குனியில் நான் பேசிய ஒரு வாக்கியத்தால் என் மேல் வன்கொடுமை வழக்கு விழுந்தது. இருபத்தெட்டு வருஷம் தமிழ் வாத்தியார் நான். சஸ்பெண்ட் ஆனேன். ஜாமீனில் வந்த பிறகு கண்ணாடி பார்ப்பதையும் விட்டுவிட்டேன்.

குற்றாலத்துக்குப் பக்கம்தான் எங்கள் ஊர். அம்மன் கோவில் திருவிழாவில் நாளுக்கொரு தெரு பூசைச் செலவை ஏற்று நடத்தும் மண்டகப்படி. கொடியேற்றத்தன்று அந்தப் பட்டியலை மைக்கில் வாசிப்பவன் நான். என் குரலுக்காகத் தந்த வேலை அது. தலித் மக்கள் வாழும் கீழத்தெரு அந்தப் பட்டியலில் கிடையாது. மைக் செட் போட்ட பேச்சிமுத்து அந்தத் தெருக்காரர். வாசித்து முடித்ததும் சிரித்துக்கொண்டே கேட்டார்.

“சார், மைக் எங்களது. லிஸ்டுல மட்டும் நாங்க இல்லையோ?”

“உங்க தெருவுக்கு என்னலே மண்டகப்படி? நீ ஒயரைப் பாரு.”

மைக் அணையவில்லை. எட்டு ஒலிபெருக்கிக் குழாயிலும் என் குரல் வயலைத் தாண்டிப் போய், மலையில் முட்டித் திரும்பி வந்தது. மறுநாள் அவர் புகார் கொடுத்தார்.

வழக்கை ரத்து செய்யக் கோரி மதுரை ஐகோர்ட்டில் மனுப் போட்டோம். நான் சாதி பார்க்கவில்லை, வழிவழியாக வந்த பட்டியலை வாசித்தேன் என்பதுதான் அதன் உயிர். நானும் அதை நம்பினேன்.

ஆனி மாசம். பண்பொழித் திருமலை முருகன் கோவிலுக்குப் படியேறினேன். பாதிப் படியில் மேகம் இறங்கி என்னை மூடிக்கொண்டது. மேலே படி இல்லை, கீழே ஊர் இல்லை. சாரல் முகத்தில் பூப்போல விழுந்தது. நான் நடக்கிறேனா, படிகள் என்னைக் கடந்து போகின்றனவா, தெரியவில்லை. சந்நிதியில் ஒன்றுதான் கேட்டேன். முருகா, இந்தப் புகாரை இல்லாமல் ஆக்கு. அழுதேன். விபூதி ஈரக்கையில் கரைந்து ஓடியது.

இறங்கும்போது என் வழக்கைப் பார்க்கும் தென்காசி வக்கீல் போனில் வந்தார். பட்டியல் வழிவழியாக வந்தது என்று காட்டப் பழைய மண்டகப்படி நோட்டு ஒன்று கிடைத்தால் ஜெயித்துவிடலாம் என்றார்.

அப்பா விழாக்குழுவில் இருந்தவர். அவருடைய டிரங்குப் பெட்டியில் நோட்டு கிடைத்தது. சந்தோஷமாகத் திறந்தேன். ‘மூன்றாம் நாள், கீழத்தெரு’ என்று இருந்தது. அந்த வரியைப் பச்சை மையால் யாரோ அடித்திருந்தார்கள்.

யாரோ இல்லை. ஓரத்தில் இருந்தது என் கையெழுத்து. சாமி எங்கள் தெருவுக்கும் வரட்டும் என்று அவர்கள் கேட்ட வருஷம், அதற்குத் தண்டனையாக அந்தத் தெருவை அடித்துவிட்டுப் புதுப் பட்டியல் எழுதப் பெரியவர்கள் என்னிடம் சொன்னார்கள். எழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று பாராட்டினார்கள். எனக்கு அப்போது இருபது வயசு. பாராட்டு நினைவிருந்தது. அடித்த வரி மறந்தே போயிருந்தது.

வக்கீலிடம் காட்டினேன். “இதை உள்ள வச்சிருங்க அண்ணாச்சி. வேற யாருகிட்டயும் சாட்சி இல்ல. முருகன்கிட்ட கேட்டீயள்லா, குடுத்துட்டான்” என்றார்.

குடுத்துவிட்டான்தான். எதற்கு என்பது பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கையில் விளங்கியது. அந்த மேகம் இன்னும் என்னைச் சுற்றி நிற்பது போலவும், அதற்குள் ஒரே ஒரு வரி மட்டும் பச்சையாகத் தெரிவது போலவும் இருந்தது.

பேச்சிமுத்துவின் கடைக்குப் போனேன்.

“கேஸை வாபஸ் வாங்கச் சொல்லுதீயளா?”

“இல்ல. என் மனுவை நான் வாபஸ் வாங்குதேன். இதை போலீஸ்ல குடுக்கப் போறேன். அதுக்கு முன்னால நீங்க பாக்கணும்.”

பார்த்தார். விரலால் அந்த வரியைத் தடவினார்.

“மூணாம் நாள் நம்மளது, மூணாம் நாள் நம்மளதுன்னு சொல்லியே எங்க தாத்தா செத்தாரு. கிறுக்குன்னு சின்னப் பிள்ளையில நாங்களே சிரிச்சோம் சார்.”

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நோட்டைப் படம் எடுத்துக்கொண்டார்.

நோட்டைப் போலீஸில் கொடுத்தேன். அதை வைத்து இந்தப் பங்குனியில் பட்டியல் திருந்தியது. சில வீடுகளில் என்னோடு பேச்சு இல்லை. வாசித்தவர் பேச்சிமுத்து. மூன்றாம் நாள் வந்ததும் அவர் குரல் ஒரு நொடி நின்றது. பிறகு குழாய்கள் சொல்லின. மலை திருப்பிச் சொன்னது. கூட்டத்தில் கைகூப்பி நின்றிருந்தேன்.

வழக்கு நடக்கிறது. அடுத்த மாசம் வாய்தா. தண்டனை வந்தாலும் வரலாம். ஆனால் இப்போது கண்ணாடி பார்க்கிறேன்.

அவனிடம் கேளுங்கள். என்ன தர வேண்டும் என்பதை மட்டும் அவனிடமே விட்டுவிடுங்கள்.