மொக்கம்மாளின் புகைபோட்ட விலாவெலும்பு

சின்னமனூர் சந்தையில் கறிக்கடை ஆண்களுக்கு நடுவே ஓர் இடம், தலைச்சுமையோடு மேகமலை ஏறும் உரிமை, எஸ்டேட்டு ஆஸ்பத்திரியின் அடுப்பு: மூன்றையும் ஒருத்தியாக ஜெயித்த மொக்கம்மாள், வெள்ளாட்டு விலாவெலும்பை முகர்ந்து பார்க்கிறாள். நாக்கு நுனியால் தொடுகிறாள். "இன்னும் ரெண்டு நாள் பொகை கேக்குது" என்று அடுப்புக்கு மேல் கயிற்றில் மறுபடி கோக்கிறாள்.

கல்லுப்பு, மஞ்சள், ஒருநாள் நிழல், ஏழுநாள் புளியங்கட்டைப் புகை. எலும்பைத் தட்டுவது சட்டியில் போடும்போதுதான். "முன்னாடியே தட்டுனா சத்து அங்கனயே போயிரும்ல!"

முன்பு மலையில் காய்ச்சலுக்குக் கொயினா மருந்து குடித்துப் பிழைத்தவர்கள் எஸ்டேட்டு ஆஸ்பத்திரியில் எழ முடியாமல் கிடந்தார்கள். எலும்புச்சாறு கொடுக்கப் போனவளைக் கம்பவுண்டர் குருசாமி மறித்தார்.

"பொகை குடிச்ச எலும்புல கரிதேன் இருக்கும். டப்பாப் பால்மாவு போதும்."

"குடிச்சுப் பாத்தீகளா?"

"நாய்கூடத் தொடாது."

"ஒருநா ஊத்திப் பாருங்க. பெறகு உங்க வாசல விட்டு எந்திரிக்காது."

படுக்கைகளில் எழுந்த சிரிப்பைக் கேட்டு வந்த எஸ்டேட்டுத் துரை, ஆறு பேருக்குச் சாறு, ஆறு பேருக்குப் பால்மாவு, மூன்று வாரம் என்றார். தோற்றால் மொக்கம்மாள் மலையேறக் கூடாது. சனிக்கிழமைதோறும் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் தராசில் ஆட்களை எடைபோட்டு, பலகையில் 'பால்மாவு', 'மொக்கம்மாள்' என்ற தலைப்புகளின் கீழ் கிளார்க்கு எழுதினார்.

முதல் வாரம் அவள் பக்கம் எடை ஏறவே இல்லை. அவள் நேரே சமையற்கட்டுக்குப் போனாள். கருவாட்டை அலசுவதுபோலச் சமையல்காரி பிச்சையம்மாள் எலும்பைக் கொதிக்கவைத்து, முதல் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தாள்.

"அடி ஆத்தா! சத்தப் பூராவும் சாக்கடைக்கு ஊட்டுறியே!"

அன்றிலிருந்து அடுப்படியில் மொக்கம்மாளே உட்கார்ந்தாள். மூன்றாம் சனிக்கிழமை பால்மாவு ஆறு பேரும் சேர்ந்து பதினொரு பவுண்டு ஏறியிருந்தார்கள். அவளுடைய ஆறு பேர் இருபத்தேழு. குருசாமி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தராசை மறுபடி பார்த்தார். பிறகு, "எனக்கும் ஒரு கிண்ணம் ஊத்து, ஆத்தா" என்றார்.

வாராவாரம் எலும்பு கொடுக்க ஒப்பந்தம் எழுதினார்கள். அவளுடைய அண்ணன் ஒச்சாண்டி, கைநாட்டு வைக்க மைப்பெட்டியை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார்.

"அத அங்கன வைண்ணே. பேனாவக் குடு."

மூன்று வாரமாகப் பலகையில் பார்த்துப் பார்த்து மனத்தில் ஏற்றிய தன் பேரின் எழுத்துகளை ஒவ்வொன்றாக இறக்கிவைத்தாள். மூன்று புள்ளிகளையும் கடைசியில் எண்ணி வைத்தாள். ஒச்சாண்டி பேனாவை வாங்கிப் பக்கத்தில் தேதி போட்டார்: 12-3-1938.