தூக்கிப் பூட்டும் கதவு

எங்கள் செஞ்சியில் விக்டரைப் போன்ற சந்தேகப் பேர்வழியை நான் பார்த்ததில்லை. டீ கொஞ்சம் வெளுத்திருந்தால் பாலில் என்ன கலந்தாய் என்பான். திண்டிவனம் ரோட்டில் அவனுடைய அலுமினியக் கதவுப் பட்டறைக்குப் பக்கத்து ஹார்டுவேர் கடை என்னுடையது. துருப்பிடிக்காத ஸ்குரூ கொடுத்தால் காந்தம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பையில் போடுவான். எரிச்சலாக வரும்.

அப்படிப்பட்டவன், ஒரு துளையைப் பார்த்து அதே போல இன்னொன்று வெட்டும் காப்பி ரவுட்டர் ஒன்றைச் சொந்தமாகச் செய்தான். டிராயர் ஓடும் சானல், இரும்புச் சட்டம், ஒரு பழைய மோட்டார், அவ்வளவுதான். ஒரு பக்கம் உள்ள கம்பி மாதிரித் துளையின் ஓரமாக ஓடும். மறுபக்கம் கட்டர் அதே துளையை மரத்திலோ அலுமினியத்திலோ வெட்டும். நன்றாகவே செய்திருந்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எந்நேரமும் சாக்கு போட்டு மூடி வைப்பான். காப்பி எடுக்கிற மெஷினை யாராவது காப்பி எடுத்துவிடுவார்களாம்!

புது லாட்ஜ் ஒன்றின் கதவு வேலை அவனுக்கு வந்தது. பூட்டுத் துளைக்கு மாதிரியாகத் தன் வீட்டுக் கதவையே கழற்றி வந்து, அதை வைத்து அந்த மெஷினிலேயே எல்லாக் கதவுக்கும் துளை வெட்டினான். கூட வேலை செய்தவன் அனந்தபுரத்து வெற்றிவேல். இரண்டு பெண்களுக்குத் தகப்பன். ஆறு வருஷமாக விக்டரிடம்தான் இருந்தான்.

கதவுகளை மாட்டியதும் வம்பு ஆரம்பித்தது. லாட்ஜ்கார அம்மா ஜெயசுதா சாவியைத் திருப்பினார், பூட்டவில்லை. வெற்றிவேல் திருப்பினாலும் பூட்டவில்லை. விக்டர் கை வைத்தால் மட்டும் டக்கென்று பூட்டியது.

“என் கைக்குப் பூட்டுது, உன் கைக்குப் பூட்டலன்னா இன்னாடா அர்த்தம்? யார் சொல்லிக் குடுத்து இந்த வேல பண்ற?”

“எம் பொண்ணுங்க மேல சத்தியமா நான் ஒண்ணும் பண்ணலண்ணே.”

“நாளைலேந்து வராத.”

வெற்றிவேல் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான். அடுத்த சந்தேகம் என் மேல். பூட்டு என் கடையில் வாங்கியதாம். மறுநாள் என்னை லாட்ஜுக்கே இழுத்துக்கொண்டு போனான்.

அங்கே சாப்பாடு கொண்டுவந்த அவன் மனைவி ஸ்டெல்லா, சும்மா ஒரு கதவின் சாவியைத் திருப்பினாள். பூட்டியது.

“பாத்தீங்களாண்ணே? இவளுக்கும் பூட்டுது!” என்று விக்டர் துள்ளினான்.

ஸ்டெல்லா தன் இடது கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். “ஏங்க, நான் தூக்கித்தான பூட்டினேன். நம்ம வூட்டுக் கதவு மாதிரி.”

அந்த வீட்டுக் கதவில் பூட்டு ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், இறக்கம். கல்யாண அவசரத்தில் விக்டரே மாட்டியது. கைப்பிடியைத் தூக்கினால்தான் பூட்டும். வருஷக்கணக்காகத் தூக்கித் தூக்கி, தூக்குகிறோம் என்பதே அவர்களுக்கு மறந்துபோயிருந்தது. லாட்ஜ் கதவு நிலைகளில் பூட்டு நாக்கு நுழையும் துளைகளை விக்டர் டேப் பிடித்துச் சரியாகத்தான் போட்டிருந்தான். மெஷின் அந்த இறக்கத்தையும் சேர்த்து அத்தனை கதவிலும் வெட்டியிருந்தது.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. விக்டர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

அன்றைக்கே என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு அனந்தபுரம் போனான். விக்டர் நடந்ததைச் சொல்லித் திரும்ப வரச் சொன்னதையெல்லாம் வெற்றிவேல் வாசலிலேயே நின்று கேட்டான்.

“வேற எங்கயும் சேரலண்ணே. ஆனா வரமாட்டேன். மெஷின் மேல சந்தேகம் வர்ல. உங்க வூட்டுக் கதவு மேல வர்ல. ஆறு வருஷம் கூட நின்ன எம்மேலதான வந்துச்சு?”

விக்டர் வண்டியைத் திருப்பினான்.

இப்போது ஒற்றை ஆளாக லாட்ஜ் நிலைகளில் உட்கார்ந்து, துளைகளை அரம் போட்டு இறக்கிக்கொண்டிருக்கிறான். பட்டறையில் மெஷின் மேல் சாக்கு இல்லை. பார்க்கத்தான் யாரும் வருவதில்லை.