பின்கட்டில் துணி பிழிந்தவள்

இது கட்டுக்கதை இல்ல. கட்டுக்கதைன்னா நல்ல கும்மிருட்டாப் பாத்து ஆரம்பிச்சிருப்பேன். இது நடந்தது பட்டப்பகல்ல, அதுவும் எங்க பெரியக்காவுக்கு. பேய்னு யாராவது வாயெடுத்தாலே "போய் வேலையைப் பாருங்கடி"ன்னு எழுந்து போற ஆளு அவ. அவளே சொன்னதாலதான் நானும் நம்புறேன்.

பெரியக்காவுக்கு வீடு வீடாப் போற சுகாதார வேலை. ஆஸ்பத்திரி தூரம், பாதிப் பிரசவம் வீட்டுலயே முடிஞ்சிடும். அதனால ரத்தப்போக்கை அளக்க, கர்ப்பிணிகளுக்கு முன்கூட்டியே ஒரே அளவுல துணி கொடுத்து வைப்பாங்க. குழந்தை பிறந்தப்புறம் ரெண்டு துணி முழுசா நனைஞ்சா ஆபத்து. உடனே ரத்தம் நிக்க நாக்குக்கு அடியில மாத்திரை, அடிவயித்துல தேய்ப்பு, ஆம்புலன்ஸ் வண்டிக்கு போன்.

அன்னைக்கு மத்தியானம் ஒரு வீட்டுக்கு அவ போய்ச் சேந்தப்போ குழந்தை பிறந்து, நச்சுக்கொடியும் விழுந்தாச்சு. மாமியார் அறையைப் பளிச்சுனு துடைச்சு வச்சிருந்தாங்க. மருமகப் பொண்ணு பாயில அரைத் தூக்கத்துல கிடந்தா. அடியில ஒரே துணி, அதுவும் பாதிதான் நனைஞ்சிருந்தது.

"எத்தனாவது துணிம்மா இது?"

"முதல் துணிதான்"னாங்க மாமியார்.

அப்பாடான்னு இருந்தது பெரியக்காவுக்கு. தூக்கத்தைக் களைப்புன்னு நினைச்சுக்கிட்டு, குழந்தையை எடை போட எடுத்தா.

அப்போதான் பின்கட்டுல அந்தச் சத்தம்... யாரோ துணி பிழியிறாங்க. தண்ணி சொட்டுது. நிக்குது. மறுபடியும் பிழியிறாங்க.

"பின்னாடி யாரும்மா?"

"யாருமில்லையே. பையன் வேலைக்குப் போயிட்டான். நானும் இவளும்தான்."

மறுபடியும்... நிதானமா. மாமியாருக்குக் கேட்ட மாதிரியே தெரியல.

பெரியக்கா எழுந்து போய்ப் பார்த்தா. ஆள் இல்ல. தரை காய்ஞ்சு கிடந்தது. மூலையில ஒரு வாளி. மேல பலகை, பலகை மேல பெரிய கல்லு. சத்தம் அந்த வாளிக்குள்ளேருந்து வந்தது.

கல்லைத் தள்ளிட்டுப் பலகையைத் தூக்கினா.

மூணு துணி. மூணும் ரத்தத்துல ஊறிக் கிடந்தது.

"என்னம்மா இது!"

"வர்றவங்க பாத்து முகம் சுளிக்கக் கூடாதேன்னு..."

பெரியக்கா உள்ள ஓடினா. பொண்ணு உதடு வெளுத்திருந்தது. வயித்துல கை வச்சா, இறுகாம மாவாட்டம் கொழகொழன்னு இருந்தது. மாத்திரையை நாக்குக்கு அடியில வச்சா. "முழுங்காத. நடுக்கம் வரும், பயப்படாத." மாமியாரை வண்டிக்கு போன் போடச் சொல்லிட்டுத் தேய்க்க ஆரம்பிச்சா.

கை ஓஞ்சு போச்சு. வண்டியைக் காணோம்.

அப்போ... அவ கை மேல இன்னொரு கை.

ஈரக் கை. சில்லுனு. விரல் நுனியெல்லாம் தண்ணியில ஊறிச் சுருங்கியிருந்தது.

மாமியார் கதவுகிட்ட போனும் கையுமா நின்னாங்க.

பெரியக்கா நிமிரல.

அழுத்தினா. அந்தக் கையும் அழுத்துச்சு.

வயிறு இறுகிச்சு.

வாசல்ல வண்டிச் சத்தம். கை இல்ல.

பொண்ணு பொழைச்சுட்டா. கொஞ்ச நாள் கழிச்சுப் பெரியக்கா பாக்கப் போனப்போ அந்தப் பொண்ணுதான் மெதுவா ஆரம்பிச்சா.

"அக்கா, அன்னைக்கு உங்ககூட வந்தவங்க யாரு? என் வயித்தைத் தேய்ச்சாங்களே... ஆனா என்னைப் பாக்கவே இல்ல. அத்தையையே பாத்துட்டு இருந்தாங்க. கண்ணைக்கூடச் சிமிட்டல."

மாமியார் அப்படியே தரையில உக்காந்துட்டாங்க.

அவங்களுக்கு ஒரு மகள் இருந்தாளாம். தலைப்பிரசவம், அதே அறை. அப்பவும் ஆள் வர்றதுக்குள்ள துணியையெல்லாம் எடுத்து மறைச்சது இவங்கதான். துணி எதுக்குன்னு கர்ப்பிணிக்குத்தான் சொல்லுவாங்க, இவங்ககிட்ட யார் சொன்னா? வந்தவங்க, எல்லாம் நல்லா இருக்குன்னு திரும்பிப் போயிட்டாங்க. சாயங்காலத்துக்குள்ள மகள் போயிட்டா. எதனாலன்னு இவங்களுக்கு இந்த வாளியைத் திறந்த அன்னைக்குத்தான் புரிஞ்சிருக்கு.

மாமியார் மருமகளை நிமிர்ந்து பார்த்தாங்க.

"கோபமாவா பாத்தா?"

மருமக, மாமியார் பக்கத்துல கிடந்த குழந்தையை எடுத்துத் தன் மடியில வச்சுக்கிட்டா.