தள்ளியும் கிளம்பாத கார்

ஓர் உயிரைப் பற்றிய குறிப்பாதலால், நேரில் கண்டதையும் கேட்டதையும் மட்டுமே எழுதுகிறேன்.

இலங்கைப் போர் ஓய்ந்திருந்த சமாதான காலம், வேலணைத் தீவின் சாலை. நெஞ்சுவலியால் துடிக்கும் பெண்ணையும் அவர் கணவரையும் யாழ்ப்பாண மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல, கொழும்பிலிருந்து ஓட்டிவந்த பந்தயரகக் காரை நிறுத்தி ஏற்றுகிறேன். மறுபடி சாவியைத் திருப்பினால் ஓசையே இல்லை. பக்கத்துச் சாட்டிக் கடற்கரை மீனவர்கள் ஓடிவந்து தள்ளுகிறார்கள். பற்றரிக்குத் தடையிருந்த போர்க்காலம் முழுவதும் கார்களைத் தள்ளியே கிளப்பியவர்கள்.

“அண்ணை, செக்கண்ட் கியரில போட்டுக் கிளச்சை விடுங்கோ!”

“கிளச் மிதியே இல்லை. ஸ்டியரிங்குக்குப் பின்னாலுள்ள இந்தத் தகடுகளால்தான் கியர் மாற்றுவது. பற்றரி செத்தால் கியர் விழாது.”

“கிளச் இல்லாத காரோ? அப்ப நாங்கள் குந்துற கதிரையையோ தள்ளுறம்?”

கணவர் சிரிக்கவில்லை. “தள்ளினாலும் போகாத காரிலயோ என்ர மனுசியை ஏத்தினனான்?”

அந்தப் பெண்ணை, வழியில் வந்த உழவு இயந்திரத்தின் இழுவைப் பெட்டியில் கிடத்திக் கொண்டுபோகிறார்கள். நான் சாலையில் நிற்கிறேன். அவர் மருத்துவமனையை உயிருடன் அடைந்தாரா என்பது எனக்குத் தெரியாது.