முன்னால் ஐந்து, பின்னால் நான்கு

அவருக்குத் திருகாணி என்று பெயர் வைத்தது யார் என்பதில் இன்றுவரை வழக்கு தீரவில்லை. லிஃப்ட் கம்பெனியில் கூட வேலை பார்ப்பவர்கள் அவர் மைத்துனரைக் கை காட்டுகிறார்கள். மைத்துனர் கம்பெனிக்காரர்களைக் கை காட்டுகிறார். எப்படியோ, பெயர் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. எந்தத் திருகைக் கண்டாலும் இன்னும் அரைச் சுற்று முறுக்கிப் பார்க்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. துக்கம் விசாரிக்கப் போன வீட்டில், அழுதுகொண்டிருந்த சனத்துக்கு நடுவே குனிந்து நாற்காலிக் காலை முறுக்கிக்கொண்டிருந்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். கதையல்ல, நடந்ததுதான். அந்த நாற்காலி இன்றைக்கும் ஆடாமல் நிற்கிறது.

மாடிக் கட்டடங்களின் லிஃப்டுகளுக்கு வைத்தியம் பார்ப்பது அவர் தொழில். வைத்தியர் நாடி பிடிப்பதுபோல இவர் கதவில் காதை ஒட்டவைப்பார். எந்த மாடியில் எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று அது சொல்லும், இவர் கேட்பார். கெட்ட பழக்கம் என்னவென்றால், அந்தக் காதைக் கழற்றி ஆபீசில் வைத்துவிட்டு வீட்டுக்கு வரத் தெரியாது.

வீட்டில் ஒரு பழைய கார். கல்யாணமான புதிதில் வாங்கியது. அதன் எல்லாக் கோளாறும் இவருக்குத் தெரியும், இவர் கோளாறு எல்லாம் மனைவிக்குத் தெரியும். குடும்பம் ஒருவாறு ஓடிக்கொண்டிருந்தது. மனைவியைத் தெருவே டீச்சர் என்றுதான் கூப்பிடும். பல வருஷம் உதவி ஆசிரியையாகவே இருந்து, தன்னிடம் கூட்டல் கழித்தல் படித்தவர்களே மேலதிகாரியாக வந்து தன் வகுப்பைச் சோதனை போடுவதைப் பார்த்தவர். அவருக்கு ஒரு வழியாகத் தலைமையாசிரியை வேலை வந்தது. பள்ளிக்கூடம் மலைமேல். பஸ் அடிவாரத்தோடு திரும்பிவிடும். “சொந்த வண்டி உண்டா?” என்று கேட்டார்கள். “உண்டு. ஓட்டவும் தெரியும்” என்று டீச்சர் தலை நிமிர்ந்து சொல்லிவிட்டு வந்தார். பள்ளி திறக்கும் திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் அவர் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அந்த நாற்காலிக்கு வேறொருவர் தயாராகக் காத்திருந்தார்.

அந்தச் சேதி வந்த அன்று சாயங்காலம்தான் திருகாணியின் காதில் அந்தச் சத்தம் விழுந்தது. முன்பக்கம், இடது சக்கரம். தூரத்தில் யாரோ மாவு அரைப்பது மாதிரி.

“எனக்கு ஒண்ணும் கேக்கல” என்றார் டீச்சர்.

“உனக்குக் கேக்காதும்மா. பேரிங் பேசுது.”

“பக்கத்துல நான் பேசினா கேக்காது, பேரிங் பேசினா மட்டும் கேக்குமா?”

அன்றிலிருந்து மனுஷர் ஓரிடத்தில் உட்காரவில்லை. சாப்பாட்டில் பாதியில் எழுந்து போய்ச் சக்கரத்தைப் பிடித்து ஆட்டினார். பல் துலக்கிக்கொண்டே பானெட்டை அமுக்கினார். வண்டி ஒருமுறைக்கு இரண்டுமுறை தலையாட்டியது. ஷாக் அப்சார்பரும் போச்சு என்று தீர்ப்பு. மலைப்பாதை முழுக்க வளைவு. வளைவுக்கு வளைவு முன் சக்கரம்தானே பாரம் சுமக்கும்? பேரிங் மட்டும் மாற்றினால் போதும் என்றது புத்தி. புத்தி சொல்லிக் கேட்கிற ஆளா அவர்? ஆட்டைக் கட்ட இடம் தேடி வீட்டையே இடித்தவன் கதையாக, சக்கரம் மாட்டும் வீல் ஹப், பிரேக், ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், சக்கரத்தை அடியில் தாங்கும் லோயர் ஆர்ம் என்று முன்பக்கம் முழுவதையும் புதுப்பிக்கக் கிளம்பிவிட்டார். அதே கம்பெனி பிறகு விட்ட பெரிய மாடலின் ஹப் இதில் அப்படியே உட்காரும். பேரிங் தடிமன், பிரேக் பெரிது. பழைய வண்டிகளை உடைத்து விற்கும் கடையில், அந்த ஹப்புக்கேற்ற சக்கரம் உட்பட, எல்லாமே கிடைத்தது.

“டீச்சரம்மாவுக்காகவா சார்?” என்றார் கடைக்காரர்.

“ஆமா, மலை ஏறணும்.”

“எங்க வீட்டம்மாவுக்கு நான் செருப்புகூட மாத்தித் தரல சார். நீங்க காலையே மாத்துறீங்க.”

பழையதைக் கழற்றுவதற்குள் பாதி உயிர் போயிற்று. துருப்பிடித்த நட்டுகள் விட்டுப் பிரிய மாட்டோம் என்று கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தன. முன்னால் சக்கரமில்லாமல், இரண்டு இரும்புத் தாங்கிகளின் மேல், பல் கழற்றிய வாய் மாதிரி வண்டி நின்றது. டீச்சர் ஜன்னலிலிருந்து அதைப் பார்ப்பார், நாள்காட்டியைப் பார்ப்பார், ஒன்றும் பேசமாட்டார். பேசாமலிருந்ததுதான் இவரை அதிகம் அரித்தது.

புதிய ஹப் ஏறிய அன்று டீச்சர் முதல்முறையாக வெளியே வந்து குனிந்து பார்த்தார். வாத்தியார் கண் அல்லவா, எண்ணாமல் விடுமா?

“முன்னாடி அஞ்சு போல்ட். பின்னாடி நாலு.”

“ஆமா. பெரிய மாடல்ல அஞ்சுதான். பலம்.”

“சரி. டிக்கில கிடக்கிற ஸ்டெப்னில எத்தனை ஓட்டை?”

திருகாணி போய் டிக்கியைத் திறந்து பார்த்தார். ஸ்டெப்னியில் நான்கு ஓட்டைதான். முன்சக்கரம் பஞ்சரானால் அதைக் கட்டி அழலாம், மாட்ட முடியாது.

“ரெண்டு ஸ்டெப்னி வச்சுக்கலாம்” என்றார், முதலிலிருந்தே அதுதான் திட்டம் என்கிற குரலில்.

“நல்லது. அப்ப என் நோட்டுக்கட்டை எல்லாம் மடியில வச்சு ஓட்டுறேன்.”

திறப்புக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் முறுக்கி முடித்து, வண்டியைத் தரையில் இறக்கினார். டீச்சரின் தம்பி, அதாவது அந்த மைத்துனர், வாடகைக் கார் ஓட்டுகிறவர்; சரியாக அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார். சில பேருக்கு மட்டும் அந்த மூக்கு வாய்க்கிறது.

“என்ன மாமா, உங்க வண்டி எட்டிப் பாக்குது? மதிலுக்கு அந்தப் பக்கம் யாராவது குளிக்கிறாங்களா?”

உண்மைதான். முன்பக்கம் குதிகாலைத் தூக்கிக்கொண்டு நின்றது. ஓட்டிப் பார்த்தார்கள். சின்னப் பள்ளத்தில் இறங்கியதற்கே மூவரும் கூரையைத் தொட்டுவிட்டு வந்தார்கள்.

“அக்கா, நாளைக்கு நானே கொண்டுபோய் விடுறேன்” என்றார் தம்பி.

“நாளைக்குச் சரி. நாளன்னைக்கு? வருஷம் பூரா? தம்பி கார்ல வந்து இறங்குற ஹெட்மிஸ்ட்ரஸ்னு பேர் எடுக்கவா? வண்டி இருக்குன்னு நான் வாயால சொல்லியிருக்கேன்டா.”

திருகாணி வண்டியைச் சுற்றி நடந்தார். வலமாக நடந்தார், இடமாக நடந்தார். கோயிலாக இருந்தால் புண்ணியமாவது சேர்ந்திருக்கும். புது ஸ்பிரிங்தான், சரி. உயரமும் அதே. பின்னே எது தூக்கிப் பிடிக்கிறது? குனிந்து லோயர் ஆர்மைப் பார்த்தார். அது அடிச்சட்டத்தோடு சேருமிடத்தில், போல்ட்டைச் சுற்றி அதிர்வு தாங்கும் ரப்பர் வளையம், புஷ். ரப்பர், ஈரத்துணியைப் பிழிந்த மாதிரி முறுக்கிக்கொண்டு நின்றது.

அப்போதுதான் உறைத்தது. வாழ்நாள் முழுக்க அவர் வேலை பார்த்ததெல்லாம் தொங்குகிற சாமான்களோடு. லிஃப்ட் தொங்கும், கயிறு தொங்கும், எதிர் எடை தொங்கும். தொங்கும்போதே முறுக்குவார், அதுதான் அங்கே முறை. காரையும் அப்படியே, சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே முறுக்கித் தொலைத்திருக்கிறார். புஷ்ஷுக்கு அது பொருந்தாது. வண்டி தன் பாரத்தோடு தரையில் நிற்கும்போதுதான் அந்தப் போல்ட்டை இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் தொங்கின நிலையையே தன் நிலை என்று நினைத்துக்கொண்டு வண்டியைத் தூக்கிப் பிடிக்கும். நாலு வளைவில் கிழிந்தும் போகும்.

கார் மெக்கானிக் எவனும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான். லிஃப்ட் மெக்கானிக் செய்யாமல் இருந்திருந்தால்தான் அதிசயம்.

“டீச்சரம்மா, வந்து ஸ்டியரிங் முன்னாடி உட்காரு.”

“எதுக்கு?”

“பாரம் வேணும்.”

“தம்பி முன்னாடி இப்படியா சொல்றது?” என்றபடி வந்து உட்கார்ந்தார்.

முன் சக்கரங்களைத் தடிப் பலகைகளின் மேல் ஏற்றி நிறுத்தியாயிற்று. இவர் மல்லாந்து அடியில் நுழைந்து போல்ட்டைத் தளர்த்தினார். வண்டி ஒரு பெருமூச்சு விட்டு இறங்கி அமர்ந்தது. மேலே டீச்சர் மறுநாள் கூட்டத்தில் பேச வேண்டியதை ஒப்பித்துக்கொண்டிருந்தார்.

“அன்புள்ள மாணவச் செல்வங்களே...”

“அசையாத.”

“பேசினா வண்டி அசையுமா? இத்தனை நாள் அசைஞ்சுக்கிட்டே இருந்தது யாரு?” பிறகு மேலிருந்து, குரல் தணிந்து: “நிஜத்தைச் சொல்லுங்க. அந்தச் சத்தம் உண்மையிலேயே வந்துச்சா?”

“பழைய பேரிங்ல ஆட்டம் இருந்துச்சு. கழட்டும்போது பாத்தேன்.”

“கழட்டின பிறகு பாத்தது சரி. அதுக்கு முன்னாடி?”

அடியில் ஸ்பானர் இன்னும் அரைச் சுற்று சுற்றியது.

“நீ தனியா போவ. வழியில ஏதாவது சத்தம் வந்தா கேக்கறதுக்கு நான் இருக்கமாட்டேன்ல.”

டீச்சர், அவர் சொன்னபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். போல்ட் இறுகியது.

திங்கட்கிழமை காலை வண்டி தெருமுனை திரும்பும்வரை திருகாணி வாசலில் தலையைச் சாய்த்து நின்றார். மாவு அரைக்கும் சத்தம் இல்லை. வேலைக்குப் போன இடத்தில் ஒரு லிஃப்டை முதல் மாடிக்குப் பதில் மூன்றாவது மாடியில் நிறுத்திவிட்டு, கதவைத் திறந்தவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். ஒரு கையில் ஸ்பானர், மறு கையில் போன். போன் அடிக்கவில்லை.

சாயங்காலம் வண்டி வந்தது. டீச்சர் இறங்கினார். முகத்தில் மலைக்காற்று, சேலையெல்லாம் சாக்பீஸ் தூள். கூட்டம் நன்றாக நடந்ததாம், பேச்சில் பாதி மறந்துபோனதாம், பிள்ளைகள் அதற்கும் கைதட்டினார்களாம். வளைவுகளில் வண்டி தண்டவாளத்தில் போவதுபோலப் போனதாம். இதெல்லாம் சொல்லிவிட்டு உள்ளே போகப் போனவர், கணவர் முகத்தைப் பார்த்து நின்றார். திருகாணி பூட்டிய கடை முன்னால் நிற்கும் ஆள் மாதிரி நின்றிருந்தார்.

“ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். மலை இறங்கும்போது வலது பக்கம் லேசா ஒரு சத்தம்.”

“எப்படி?”

“என்னமோ... உங்களுக்குத்தான் தெரியும்.”

அடுத்த நிமிஷம் இருவரும் வண்டியில். தெருவை ஒரு சுற்று, இன்னொரு சுற்று. திருகாணி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, கண்ணை மூடிக் கேட்டார். ஐந்து போல்ட்டும் நான்கு போல்ட்டும் அதனதன் வேலையை வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தன. அவர் வாழ்க்கையில் முதல்முறையாக அந்தக் காதில் ஒன்றுமே விழவில்லை.

“கேக்குதா?” என்றார் டீச்சர், பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“கேக்குது கேக்குது” என்றார் திருகாணி. “ஞாயித்துக்கிழமை பாத்துடறேன்.”