மாதுவின் பாதி மீசை

சித்தேரியில் மாது சொல்வதை யாராவது நம்பினால் அவர் வெளியூர்க்காரர் என்று அர்த்தம். சாமைக் காட்டில் கரடி தன்னிடம் பீடி கேட்டது என்பார். தீப்பெட்டி இல்லை என்றதும் கோபித்துக்கொண்டு போனது என்பார். அரூர் பஸ்ஸில் அவர் ஏறிவிட்டால் மலை இறங்கும் வரை சிரிப்புதான். எனக்கு அவரைப் பிடிக்கும். உண்மையே பேசுகிற எத்தனையோ பேர் பக்கத்தில் உட்கார முடிவதில்லையே.

சிரிக்காதவர் ஒருவர்தான், அவர் மனைவி நிர்மலா. கல்யாணமான நாளிலிருந்து மாது சொன்ன எதற்கும் அவர் ‘ஆமாம்’ போட்டதில்லை. ஊர் நம்பாதது பற்றி மாதுவுக்குக் கவலை இல்லை. மனைவி வாயிலிருந்து ஒரே ஒரு ஆமாம் வராதா என்றுதான் ஏக்கம்.

போன ஐப்பசியில் ஒரு நாள் பொழுது சாய்ந்த பிறகு, ஆடு தேடிப் போன மாது மூச்சிரைக்க ஓடி வந்தார்.

“நிர்மலா! நம்ம வேலியில ஒரு சிலந்தி, குச்சியாட்டம் இருக்குது. தலைகீழா தொங்கிக்கிட்டு முன்னங்கால்ல சின்ன வலைய விரிச்சுப் பிடிச்சிருக்குது. கீழ போன பூச்சி மேல வீசிப் பிடிச்சுது புள்ள, ஏரியில மீன் பிடிக்கிறவனாட்டம்!”

“அன்னிக்குக் கரடி பீடி கேட்டுச்சு. இன்னிக்குச் சிலந்தி வலை வீசுதுங்களா?”

“நாளைக்கு ஊரையே கூட்டிக் காட்டறேன். இல்லைன்னா என் மீசைய எடுத்துக்கறேன்!”

மறுநாள் மாதுவுக்குக் கைகால் ஓடவில்லை. ஊரே வருகிறதே! வேலியடிச் சருகையெல்லாம் கூட்டித் தள்ளி, சாணி தெளித்துப் பளிச்சென்று வைத்தார். நம்பாவிட்டாலும் நிர்மலா வருகிறவர்களுக்கு முறை தவறாமல் தினை மாவு உருண்டை பிடித்தார். இருட்டியதும் போனோம். சிலந்தி இருந்தது. தபால்தலை அளவுக்கு வலையும் பிடித்திருந்தது. ஆனால் பூச்சிதான் இல்லை. சருகோடு அவற்றையும் மாது விரட்டியிருந்தார். சிலந்தி காத்திருந்தது, நாங்களும் காத்திருந்தோம், உருண்டை தீர்ந்தது.

“வலை இருக்குது, சரி. வீசறதுக்கு அந்தக் கரடிய சாட்சிக்குக் கூப்பிடுங்க” என்று கேலி பேசிக்கொண்டே கலைந்தோம்.

மாது உள்ளே போய்க் கண்ணாடியையும் பிளேடையும் எடுத்தார். நிர்மலா தட்டில் ஒட்டியிருந்த மாவை வேலியோரம் உதறினார். மாவைத் தேடி ஒரு கரப்பான் வந்தது. சிலந்தியின் கால்கள் சடாரென்று கீழே நீண்டன. வலை அகலமாக விரிந்து கரப்பானை அப்படியே போர்த்தியது.

“ஏங்க! ஓடியாங்க! வீசிடுச்சுங்க!”

ஓடி வந்த மாதுவுக்குப் பாதி மீசைதான் இருந்தது. சிலந்தி சாப்பிடத் தொடங்கியிருந்தது.

காலையில் பஸ் ஏறியபோதும் அதே பாதி மீசைதான். “ஜெயிச்சவன் எதுக்குங்க மிச்சத்தை எடுக்கணும்?” என்று மாது ஆரம்பித்தார். சிலந்தி வலை வீசிய கட்டம் வந்ததும் கண்டக்டர் முருகேஷ் விழுந்து விழுந்து சிரித்தார்.

“ஆமாங்க. நானே பாத்தேன்.”

பெண்கள் சீட்டிலிருந்து நிர்மலாவின் குரல். மாது திரும்பிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

மீதிக் கதையை நிர்மலாதான் சொன்னார். மூன்றாவது வளைவு திரும்புவதற்குள் கரப்பான் எலியாகிவிட்டது.

“ஆமாங்க” என்றார் மாது.